சவரிமுத்துவின் பசையும் என் வயிற்றெரிச்சலும்

அன்று மத்தியானம் சவரிமுத்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆம்பூரில் நான் வேலை பார்த்த தோல் மண்டியின் பின்கட்டில் தகரக் கூரை போட்ட ஓர் அறை உண்டு. காகிதத்தில் அதற்கு லேபரட்டரி என்று பெயர். மண்டி ஆட்கள் 'மருந்து ரூம்' என்பார்கள். அங்கே மேஜைமேல் ஒரு தாங்கியில் மெல்லிய கண்ணாடிக் குழாய் செங்குத்தாக நின்றது. அதன் வழியே பசைநீர் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. சவரிமுத்து குனிந்து, ஒரு கண்ணை மூடி, கையில் ஸ்டாப் வாட்சைப் பிடித்திருந்தான். பசைநீர் கீழ்க்கோட்டைத் தொட்டதும் கடிகாரத்தை அமுக்கினான். முள்ளைப் பார்த்தான். மறுபடி சிரித்தான்.

"இன்னாத்துக்குச் சிரிக்கிற?" என்று கேட்டேன்.

"இது சின்னது இல்லப்பா, ஏகாம்பரம். ரொம்ப நீளம்."

"எது நீளம்?"

அவன் குழாயைக் கழுவப் போய்விட்டான்.

அவன் சொன்னது எனக்குப் புரியவில்லை. அவனுக்கு ஏதோ புரிந்துவிட்டது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டதுபோல என் வயிற்றுக்குள் ஒரு கொதிப்பு எழும்பியது.

பத்திரிகையில் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் இதுவரை என்னைப்பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாகவே எழுதி வந்திருக்கிறேன். இந்த வாரம் அது நடக்காது.

பத்திரிகையில் இல்லாத நம்பர்

அந்தக் கொதிப்புக்கு வயது அதிகம். சவரிமுத்துவும் நானும் வேலூரில் இன்டர்மீடியட் சேர்ந்து படித்தவர்கள். பிறகு பட்டணத்தில் பி.ஏ.வும் ஒரே வகுப்பு, ரசாயனம்தான். அந்த நாளில் ரசாயனத்துக்கும் பி.ஏ. பட்டம்தான்.

என் தகப்பனார் ராணிப்பேட்டையில் தபாலாபீஸ் குமாஸ்தா. அவன் தகப்பனார் வேலூர் லாங் பஜாரில் மொத்தக் கடைகளுக்கு மூட்டை தூக்குகிறவர். மிளகாய் மூட்டைக்கும் வெல்ல மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து படித்து வந்தவன் அவன். சட்டையில் எப்போதும் லேசாக மிளகாய் நெடி இருக்கும்.

ரசாயனப் பரிசோதனை வகுப்பில் எல்லோருக்கும் ஆளுக்கொரு உப்பைக் கொடுத்து, இது என்ன என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். நான் புத்தகத்தில் சொன்ன வரிசைப்படி ஒவ்வொரு சோதனையாகச் செய்து முடிப்பதற்குள் வியர்த்துவிடும். சவரிமுத்து அந்த உப்பை உள்ளங்கையில் கொட்டிக் கொஞ்சநேரம் பார்ப்பான். பிறகு இரண்டே சோதனை. விடையை எழுதிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நிற்பான். அவன் முதுகை நான் எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது.

ஆனால் இங்கிலீஷ் அவனுக்கு வரவில்லை. பி.ஏ. ரிசல்ட் பத்திரிகையில் வந்த அன்று என் நம்பரைத் தேடுவதற்கு முன் அவன் நம்பரைத்தான் தேடினேன். இல்லை. இங்கிலீஷ் பேப்பரில் போய்விட்டது. இரண்டாம் தடவை எழுதினான். அப்போதும் இல்லை.

அவனுக்கு ஆறுதல் சொல்ல லாங் பஜார் சந்துக்குள் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா அழுதுகொண்டே காப்பி கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ருசியாக நான் காப்பி குடித்ததில்லை.

அவனை நானே கூப்பிட்டேன்

ஆம்பூர் மண்டியின் முதலாளி கரீம் சாயபு நல்ல மனிதர், சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. சீமைக்குப் போன தோலில் குறை சொல்லிக் கடிதம்மேல் கடிதம் வரவே, படித்த ஆள் ஒருவனை வைத்துக்கொள்வது என்று என்னை வேலைக்கு எடுத்தார். என் மனைவி பங்கஜத்தின் வீட்டில் இது பெரிய மனத்தாங்கல். பி.ஏ. படித்த மாப்பிள்ளை தோல் நாற்றத்தோடு வருகிறான் என்று அவள் அத்தை மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டே எனக்குச் சோறு போடுவாள்.

தோலின் உட்புறத்திலிருந்து சீவி எறியும் சவ்வும் துண்டுகளும் மண்டியில் மலைபோல் குவியும். அதைக் காய்ச்சினால் வஜ்ஜிரம் கிடைக்கும். தச்சர்கள் மரம் ஒட்டுகிற பசை. சாயபு அந்த வியாபாரத்திலும் இறங்கினார். எந்தப் பசை நல்ல பசை என்று தரம் பார்ப்பது என் வேலை. பசைநீரைக் குறிப்பிட்ட சூட்டில் வைத்துக் குழாயில் விட வேண்டும். மெதுவாக இறங்கினால் நல்ல பசை. சரசரவென்று இறங்கினால் மட்டம். அவ்வளவுதான்.

வேலை கூடியதும், "கூட ஒரு ஆளைப் போட்டுக்கோங்க, ஏகாம்பரம் சாப்" என்றார் சாயபு. எனக்கு முதலில் ஞாபகம் வந்த பெயர் சவரிமுத்து.

சிநேகிதத்தால் கூப்பிட்டேன் என்று பல வருஷம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். உண்மை வேறு. அவன் எனக்குக் கீழே வேலை செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆட்கள் எதிரில் அவன் என்னை "சார்" என்று கூப்பிடுவான். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் எனக்கு உள்ளே குளிர்ந்துபோகும். வெளியே வந்ததும் "இன்னாப்பா" என்பான். குளிர்ச்சி போய்விடும்.

நறுக்கிய நூல்

குழாயைப் பார்த்துச் சிரித்த நாளுக்கு ஒரு வாரம் கழித்து, அவனாகவே விளக்கினான்.

கையில் ஒரு நூல்கண்டு. இரண்டு சட்டியில் தண்ணீர். ஒன்றில் நூலை நீளமாகவே பிரித்துப் போட்டான். இன்னொன்றில் அதே எடை நூலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போட்டான். எனக்கு ஒரு குச்சியைக் கொடுத்து, "கலக்கிப் பாரு" என்றான்.

நீள நூல் கிடந்த சட்டியில் குச்சி சிக்கிக்கொண்டு நகர மறுத்தது. நறுக்கிய நூலில் தண்ணீரில் சுற்றுவதுபோலச் சுற்றியது.

"ரெண்டுலயும் நூலு ஒண்ணுதான். எடையும் ஒண்ணுதான். நீளம்தான் வேற" என்றான். "பசையும் இப்படித்தாம்ப்பா. ஒவ்வொண்ணும் ஒரு நீளமான சங்கிலி. அதான் குழாயில சிக்கிச் சிக்கி மெதுவா எறங்குது. ரொம்ப நேரம் காய்ச்சினா சங்கிலி அறுந்துபோவுது. அப்புறம் வேகமா எறங்குது."

"சின்னச் சின்னத் துகளெல்லாம் ஒண்ணா ஒட்டிக்கினு இருக்குதுன்னு இல்ல படிச்சிருக்கோம்?"

"ஒட்டிக்கினு இருந்தா, பிரிஞ்சதும் ஆறவெச்சா திரும்ப ஒட்டணும் இல்ல? நான் ஆறவெச்சிப் பாத்தேன். காயவெச்சி மறுபடி கரைச்சும் பாத்தேன். பழைய நேரம் திரும்ப வர்ல. ஒரு மணி நேரம் காய்ச்சினது ஒரு கணக்கு, ரெண்டு மணி நேரம் காய்ச்சினது ஒரு கணக்கு. கம்மி ஆயிக்கினே போவுது. பிரிஞ்சது சேரும். அறுந்தது எப்படிச் சேரும்?"

இன்று கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு, இதிலென்ன அதிசயம் என்று கேட்பார்கள். ரப்பர், பட்டு, பஞ்சு, தோல் எல்லாமே நீண்ட சங்கிலி என்று இன்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அந்த நாளில் ஐரோப்பாவிலேயே இதைச் சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பட்டணத்திலிருந்து வந்த கண்ணாடிச் சாமானைச் சுற்றியிருந்த ஒரு பழைய விஞ்ஞானப் பத்திரிகைத் தாளில் அந்தச் சண்டையைப்பற்றி அரைப் பக்கம் இருந்தது. அதை முதலில் படித்தவன் நான்தான். படித்துவிட்டுக் கசக்கி மூலையில் எறிந்தேன். சவரிமுத்து அதை எடுத்து நீவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. அன்று சாயங்காலம் அவன் போனபிறகு என் பழைய ரிஜிஸ்தரை எடுத்துப் பார்த்தேன். அவன் வேலைக்கு வருவதற்கு முன்பே, காய்ச்சிய நேரமும் குழாயில் இறங்கிய நேரமும் பக்கம் பக்கமாக என் கையெழுத்தில் இருந்தன. அவன் சொன்ன கணக்கு அத்தனையும் அதில் இருந்தது. கீழே நான் எழுதியிருந்தது ஒரே வரி: "அதிக நேரம் காய்ச்சினால் பசை கெடும்."

இரண்டு வருஷம் அந்த எண்களைத் தினமும் பார்த்தவன் நான். எனக்குப் பசைதான் தெரிந்தது.

இங்கிலீஷ் எழுதியவன்

சவரிமுத்து நான்கு மாதம் உழைத்து எல்லாவற்றையும் தமிழும் இங்கிலீஷும் கலந்து ஒரு நோட்டில் எழுதினான். அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

"பெங்களூர்ல இருக்கற ஆராய்ச்சிக் கழகத்துக்கு அனுப்பலாம்னு பாக்கறேன். நீதான் நல்ல இங்கிலீஷ்ல எழுதிக் குடுக்கணும்."

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர் என்று வந்த இடத்தில் என் பெயரை மட்டும் போட்டேன். கடைசியில் ஒரு வரி: பரிசோதனையில் உதவிய சவரிமுத்துவுக்கு நன்றி.

அவனிடம் காட்டியபோது விரலால் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தான்.

"பட்டம் இல்லாதவங்க பேரை மேல போட மாட்டாங்கப்பா" என்றேன். அப்படி ஒரு விதி எங்கும் கிடையாது. அந்த நிமிஷத்தில் என் வாயில் பிறந்த விதி அது.

"அப்படியா?" என்றான். விரலை அந்த வரியிலிருந்து எடுத்தான். "சரி வுடு. உள்ள இருக்கறது சரியா இருந்தா போதும்."

முழுவதையும் படித்துப் பார்க்க அவனுக்குப் பொறுமை இருந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். உள்ளே இருந்ததும் சரியாக இல்லை. ஒரு பக்கத்தை நான் விட்டிருந்தேன்.

பெங்களூரில் ஒரு கேள்வி

கழகத்திலிருந்து பதில் வந்தது. நேரில் வந்து பேசச் சொன்னார் அங்கிருந்த பேராசிரியர். கழுத்துவரை பொத்தான் வைத்த புதுக் கோட்டு தைத்துக்கொண்டேன். சவரிமுத்து ஸ்டேஷன் வரை வந்து வண்டி ஏற்றிவிட்டான்.

பெரிய ஹால். பத்துப் பன்னிரண்டு பேர். நான் வாசித்து முடித்ததும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்கே அது என்னுடைய வேலைதான் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பேராசிரியர் மெலிந்த மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெல்லிய குரலில் இங்கிலீஷில் கேட்டார்: "பசை சீக்கிரம் அழுகுகிற பொருள். நீங்கள் காய்ச்சியதால்தான் சங்கிலி அறுந்தது என்கிறீர்கள். காய்ச்சியபிறகு புட்டியில் இருந்தபோது அழுகிப்போய் அறுந்திருக்கலாம் அல்லவா? அப்படி இல்லை என்று எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். நான் விட்ட பக்கம் அதுதான்.

சவரிமுத்து அந்தச் சந்தேகத்தை முன்பே யோசித்து, பாதிப் புட்டிகளில் அழுகாமல் இருக்கக் கார்பாலிக் சொட்டு விட்டு, பாதியில் விடாமல் வைத்து, மூன்று நாள் கழித்து இரண்டையும் அளந்திருந்தான். கார்பாலிக் விட்ட புட்டிகளில் நேரம், காய்ச்சிய உடனே அளந்ததிலிருந்து துளியும் மாறவில்லை. அவை அழுகவில்லை. ஆகவே காய்ச்சியதுதான் சங்கிலியை அறுத்தது.

அந்தப் பக்கத்தை ஏன் விட்டேன்? மற்ற எண்கள் என் ரிஜிஸ்தரிலும் இருந்தன. அவையெல்லாம் பாதி என்னுடையவை என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. கார்பாலிக் விஷயம் மட்டும் முழுக்க அவனுடைய மூளை. அதைக் காப்பி எடுக்க உட்கார்ந்தபோதெல்லாம் கை கனத்தது. இது இல்லாவிட்டால் என்ன ஆகிவிடும் என்று விட்டேன்.

அந்த ஹாலில் எழுந்து, அந்தச் சோதனையும் செய்திருக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். விவரம் கேட்பார்கள். எத்தனை சொட்டு, எத்தனை புட்டி என்று எனக்கு ஞாபகம் இல்லை. சவரிமுத்துவின் பெயர் வெளியே வரும். வாயை மூடிக்கொண்டேன்.

"இதையெல்லாம் நீங்களே உங்கள் கையால் செய்தீர்களா?" என்று கேட்டார் அவர்.

"ஆமாம்" என்றேன்.

அவர் காகிதங்களை அடுக்கி என்னிடம் நீட்டினார். "நல்ல யோசனை. ஆனால் இப்போதைக்கு இதை ஏற்க முடியாது. கவனமாக மறுபடி செய்துகொண்டு வாருங்கள்."

ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் பங்காருப்பேட்டை தாண்டியதும் அதற்கு அடியிலிருந்து இன்னொன்று மெல்ல எழும்பி வந்தது. சந்தோஷம். சவரிமுத்துவின் வேலையைப் பெரியவர்கள் ஏற்கவில்லை. ஜோலார்பேட்டையில் இறங்கி இரண்டு வடை வாங்கித் தின்றேன்.

அவன் கோபப்பட்ட இடம்

மறுநாள் காலையில் மருந்து ரூமில் அவன் எனக்காகக் காத்திருந்தான்.

"ஒத்துக்கல" என்றேன்.

"இன்னா கேட்டாங்க?"

பொய் சொல்லும் சுறுசுறுப்புகூட அன்று எனக்கு இல்லை. கேள்வியை அப்படியே சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

"அது நல்ல கேள்வியாச்சே! கார்பாலிக் கணக்கச் சொன்னியா?"

நான் மேஜைமேல் இருந்த குழாயைத் துடைக்க ஆரம்பித்தேன். அவன் என் கையிலிருந்து காகிதக் கட்டை வாங்கி, எழுத்துக்கூட்டி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். கடைசி வரை புரட்டினான். மறுபடி முதலிலிருந்து புரட்டினான்.

"அந்தப் பக்கம் எங்கப்பா?"

"மறந்துட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். எத்தனையோ வருஷப் பழக்கத்தில் முதல் தடவையாக, உள்ளங்கையில் உப்பைக் கொட்டிப் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

"பேரு போடாததுக்கு எனக்குக் கோவம் வர்ல, ஏகாம்பரம். எனக்கு அப்பவே தெரியும், அது நீயா சொன்ன ரூல்னு. போய்ட்டுப் போவுதுன்னு வுட்டேன். ஆனா அந்தப் பக்கத்த வுட்டியே! இப்ப அங்க இருக்கற அத்தினி பேரும் இது தப்புன்னு நெனச்சிக்கினு இருப்பாங்க. சரியான ஒண்ணத் தப்பாக்கிட்டு வந்துட்டியே!"

 தோளில் கிடந்த துண்டை உதறிவிட்டு வெளியே போனான்.

அடுத்த நாள் அவன் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சாயபு கத்தினார்: "எங்க சாப் உங்க ஆளு? பசை ஆர்டர் நிக்குது. பேஜார் பண்றானே!" அலமாரியைத் திறந்து பார்த்தேன். கார்பாலிக் புட்டிகள் இருந்த தட்டு காலியாக இருந்தது. அவன் எங்கே போயிருக்கிறான் என்று சாயபுவுக்குச் சொல்லவில்லை.

பேராசிரியரின் கடிதம்

நாலாம் நாள் சவரிமுத்து வேலைக்கு வந்தான். பெங்களூருக்குப் போனதாகவும், பேராசிரியரைப் பார்த்ததாகவும் மட்டும் சொன்னான். அதற்குமேல் பேசவில்லை. ஆட்கள் இல்லாதபோதும் என்னை "சார்" என்றே கூப்பிட்டான். நான் ஆசைப்பட்ட வார்த்தை அது. அந்த வாரம் முழுக்க அது காதில் விழும்போதெல்லாம் கூசியது.

பிறகு பேராசிரியரின் கடிதம் என் வீட்டு விலாசத்துக்கு வந்தது.

வைக்கோல் அடைத்த தகரப் பெட்டியில் புட்டிகளோடு ஒருவர் வந்தார் என்றும், இங்கிலீஷில் திணறியதால் கரும்பலகையில் படம் போட்டே எல்லாவற்றையும் விளக்கினார் என்றும், தன் சந்தேகம் தீர்ந்தது என்றும் எழுதியிருந்தார். கடைசிப் பத்தி இது: "இந்த வேலையில் உங்கள் பங்கு பாதி, தன் பங்கு பாதி என்று அவர் சொல்கிறார். விடுபட்ட பகுதி தன்னுடைய கவனக்குறைவு என்கிறார். ஆராய்ச்சி உதவியாளராக ஓரிடம் காலியாக இருக்கிறது. பட்டம் உள்ளவர் என்பதால் முதல் உரிமை உங்களுக்கு. உண்மையில் இதைச் செய்தவர் யார் என்று நீங்கள் சொன்னால் முடிவு செய்ய எளிதாக இருக்கும்."

பங்கஜம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடிதத்தை அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

"அவரு பழியத் தன்மேல போட்டுக்கினாரா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப நீங்க இன்னா எழுதப் போறீங்க?"

நான் உடனே மேஜைக்குப் போனேன். எல்லாவற்றையும் எழுதினேன். யோசனை அவனுடையது, பரிசோதனை அவனுடையது, அந்தப் பக்கத்தை வேண்டுமென்றே விட்டவன் நான், அன்று உங்கள் எதிரில் சொன்ன 'ஆமாம்' பொய், எனக்கு அந்த இடம் வேண்டாம்.

இதைப் படித்து யாரும் என்னை மெச்ச வேண்டாம். மனம் திருந்தி எழுதிய கடிதம் அல்ல அது. மூளையில் அவன் என்னை ஜெயித்தாகிவிட்டது. நல்லவனாக இருப்பதிலும் ஜெயித்துவிட்டுப் போவானோ என்று பொறுக்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் ஒரே மூச்சில் எழுதி, மை காய்வதற்குள் மடித்து, நானே நடந்துபோய்த் தபால்பெட்டியில் போட்டேன். 

ஸ்டேஷனில்

சவரிமுத்துவுக்குக் கழகத்தில் வேலைக்குச் சேர உத்தரவு வந்தது. சாயபு முதலில் கத்தினார், பிறகு அவன் கழுத்தில் ரோஜா மாலை போட்டு, ஆட்களுக்கெல்லாம் பிரியாணி போட்டார். "நம்ம மண்டி ஆளு, ஞாபகம் வெச்சிக்கோ தோஸ்த்" என்று அவனைக் கட்டிக்கொண்டார்.

அவன் பிறகு செய்த வேலைகளை ஊரே அறியும். பட்டம் இல்லாமல் உள்ளே போனவன், பட்டம் வாங்க வந்தவர்களுக்கு வழிகாட்டும் இடத்துக்கு வந்தான். அரக்கு, ரப்பர், சணல் என்று எதையெடுத்தாலும் அதன் சங்கிலி எவ்வளவு நீளம் என்று கேட்டான். அவன் கட்டுரைகள் அச்சில் வரும்போது எனக்கு இன்றும் முதலில் வயிறு எரிகிறது. அதன்பிறகுதான் கண் எழுத்தில் பதிகிறது.

அவனை வண்டியேற்ற ஆம்பூர் ஸ்டேஷனுக்குப் போனேன். வெயில். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டை மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பும் சமயத்தில் அவன் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். அவ்வளவு நாளுக்குப் பிறகு, "சார்" போய்விட்டது.

"ஏகாம்பரம், ஒண்ணு கேக்கறேன். எனக்குப் பட்டம் இல்ல. இங்கிலீஷ் இல்ல. அவுரு எப்படி என்னை எடுத்தாருன்னு இன்னமும் புரியல. உனக்கு எதனா எழுதினாரா?"

சொல்லியிருந்தால் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பான். நன்றி சொல்லியிருப்பான். அவன் வாயிலிருந்து நன்றியை வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை என்று அந்த நிமிஷம் தெளிவாகத் தெரிந்தது.

"இல்லப்பா" என்றேன். "எனக்கு ஏன் எழுதப் போறாரு? உன் வேலையப் பாத்து எடுத்திருப்பாரு."

அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் நின்று பார்த்தேன். வண்டி நகர்ந்தது.

அவனிடம் நான் மறைத்தவை நிறைய. இன்றுவரை வெட்கப்படாமல் நினைத்துப் பார்க்க முடிவது நான் எழுதிய அந்தக் கடிதத்தை மறைத்ததை மட்டும்தான். இந்தத் தொடரை அவன் வாராவாரம் பெங்களூரில் வரவழைத்துப் படிப்பதாக அவன் மகள் எழுதியிருந்தாள். இனி அதையும் மறைப்பதற்கில்லை.